முன்சீட்டில் நாத்தனார்

சாந்தன்பாறை,
11-11-2024

அன்புள்ள மதினிக்கு சூர்யகலா எழுதுவது.

இங்கே மழை விட்டபாடில்லை. ஆனாலும் நானும் உங்கள் தம்பியும் குழந்தை கலையரசியும் நன்றாக இருக்கிறோம். போடியில் நீங்களும் ராம்பிரசாத் அண்ணனும் அப்படியே இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நாங்கள் புது வீடு கட்டுகிற சரிவில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஏறிப்போய்ப் பேசினாலும் "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்" என்பதோடு நீங்களும் வைத்துவிடுகிறீர்கள், நானும் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதி, சின்ராசு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஜீப்பில் வருகிறாரே, அவர்தான். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

விஷயம் இதுதான். தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். வீட்டுக்காரரோடு கூடப் பிறந்தவள்தான் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைப் பொங்கவிட வேண்டும். அவருக்கு உங்களை விட்டால் வேறு உடன்பிறப்பு இல்லை. நீங்கள் வர வேண்டும்.

உங்களுக்கு வண்டி ஆகாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கல்யாணத்தன்று மலை ஏறும்போது வாந்தி எடுத்துப் பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள். தாலியில் நாத்தனார் போட வேண்டிய முடிச்சுக்கு ஆள் இல்லாமல், மூன்று முடிச்சையும் உங்கள் தம்பியே போட்டார். ஆறு வருடம் ஆகிவிட்டது. நாங்கள் வருடா வருடம் திருவிழாவுக்குப் போடி வருகிறோம். நீங்கள் ஒரு தடவைகூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. இங்கே சொந்தக்காரர்கள் பேசுவதை எழுத எனக்கு இஷ்டமில்லை. இந்தத் தடவையும் நீங்கள் வராவிட்டால் இனிமேல் நான் கூப்பிட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை மதினி. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது.

இத்துடன் ஒரு பொட்டலம் ஏலக்காய் வருகிறது. எஸ்டேட் காய் இல்லை, வீட்டுக்குப் பின்னால் நாங்களே வைத்த செடிகளில் முதன்முதலாகக் காய்த்தது. வண்டி ஏறும்போது ரெண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் கிட்டே வராது.

அன்புடன்,
சூர்யகலா


போடி,
13-11-2024

சூர்யகலா தாயிக்கு,

உன் கடிதம் வந்தது. சின்ராசு அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். நான் ஏலக்காய் தரம் பிரிக்கிற மண்டிக்கே வந்து, முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கு நடுவிலும், "யக்கா, மலையிலருந்து ஒனக்கு லெட்டரு!" என்று கத்தினான். பக்கத்தில் இருந்த முத்துப்பேச்சி விடுவாளா? "இந்தக் காலத்துல லெட்டரா? யாருடி அந்த ஆளு?" என்று கேட்டு, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். தம்பி பெண்டாட்டி எழுதியது என்று சொன்னால் நம்பவே இல்லை.

வருகிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன், மீதியை நிதானமாகப் படி.

எனக்கு வண்டி ஆகாது என்று நீ எழுதியது குறைச்சல். பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்கிற பஸ்சில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் இன்ஜினைப் போட்டதுமே வாந்தி எடுத்த ஆள் நான். கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போன அன்றைக்கு உங்கள் அண்ணனின் புதுச் சட்டை போன கதையை அவர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ரயில் மட்டும் ஒத்துக்கொள்ளும். மதுரைக்கு ரயிலில் போய்விடுவேன். ஆனால் உன் வீட்டுக்கு யாரும் தண்டவாளம் போடவில்லையே.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பஸ்சில் போய்ப் பழகப்போகிறேன். முதலில் மேடு பள்ளம் இல்லாத ரோடு. அப்புறம் வளைவு. கடைசியில் உங்கள் பக்கம் ஏறுகிற போடிமெட்டு மலை ரோடு. உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "நீ பழகுறியோ இல்லையோ, நான் இன்னும் ரெண்டு சட்டை எடுத்துக்கிறேன்" என்கிறார். சிரிக்கட்டும். நான் ஒன்றை நினைத்துவிட்டால் விட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருக்கிறது.

கலையரசிக்கு முத்தம். சொந்தக்காரர்கள் பேசுவதையும் ஒருநாள் எழுது. எனக்கு வாய் இருக்கிறது, பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சிவரஞ்சனி


போடி,
25-11-2024

சூர்யகலா தாயிக்கு,

தேவாரம் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். கட்டிப்போன சேலையைத் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன், அவ்வளவு சுத்தம்!

தேவாரம் ஒரு தூரமா என்று சிரிக்காதே. நான் பஸ் ஏறுவதற்கு என்று எங்கள் அம்மா காலத்திலிருந்து ஒரு முறை உண்டு. வெறும் வயிறு. ஓரத்து சீட்டு. மூக்கில் எலுமிச்சம்பழம், வாயில் ஏலக்காய். கண்ணை இறுக மூடி, முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சாய்ந்துவிட வேண்டியது. இத்தனையும் செய்துதான் இத்தனை வருடம் வாந்தி எடுத்திருக்கிறேன்.

இந்தத் தடவை கிளம்புகிற அவசரத்தில் பழம், உன் பொட்டலம் எல்லாம் அடுப்படி மேடையிலேயே இருந்துவிட்டன. உங்கள் அண்ணன் வேறு, தன் சித்தி வீட்டுக்கு வெறும் வயிற்றோடு போனால் மரியாதை இல்லை என்று இட்லியைத் தின்ன வைத்துவிட்டார். பஸ்சில் கூட்டம். டிரைவருக்குப் பக்கத்தில் குறுக்கே போட்ட சீட்டில் ஒரே ஒரு இடம். அதிலும் பக்கத்தில் யார் என்கிறாய்? முத்துப்பேச்சி! இவள் முன்னால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுருண்டால் மறுநாள் மண்டியே சிரிக்கும். வீம்புக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாகத் தூரத்தில் பார்த்தபடியே இருந்தேன்.

சூர்யகலா, எனக்கு முப்பத்தொன்பது வயது. தேவாரம் ரோட்டை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். இத்தனை நாளும் கண்ணை மூடியே போனேன் இல்லையா? சிலமலை தாண்டியதும் மலை வலது பக்கம் கூடவே வருகிறது. நீ அந்தப் பக்கம்தானே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ராசிங்காபுரத்துக்கு அப்பால் ஒரு தோப்பில் யானை சாய்த்துப்போட்ட தென்னைகள் கிடந்தன. தோப்புக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐயோ பாவம் என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. வயிற்றைப் பற்றி நினைக்க நேரமே இல்லை.

"ஏன்டி, இப்படி வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குற? தேவாரத்துக்கு நீ வந்ததே இல்லையா?" என்றாள் முத்துப்பேச்சி.

"வந்திருக்கேன், பாத்ததில்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அடுத்தது குமுளி. லோயர் கேம்ப்புக்கு மேல் வளைவுகள் உண்டு. பார்த்துவிடலாம்.

சிவரஞ்சனி


சாந்தன்பாறை,
2-12-2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் ஏற்கெனவே வாசித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, அவர் வாசித்துச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி, பால் விடாத கட்டன் சாயா குடிக்க வந்தவர், என்ன இவ்வளவு சிரிப்பு என்று கேட்டு, அவருக்கும் ஒருமுறை வாசிக்க வேண்டியதாயிற்று. "அத்தைக்கு எங்க வீடு எங்கருக்குன்னு தெரியாதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்த கலையரசி, இப்போது "அத்தை எந்த ஊரு வரைக்கும் வந்திருக்காங்க?" என்று கேட்கிறாள்.

வீட்டுக்குத் தரை போட்டாகிவிட்டது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஏலச்செடிகள்தான். நீங்கள் பால் காய்ச்சும்போது அந்த ஜன்னல் பக்கம்தான் நிற்பீர்கள்.

தேவாரத்துக்குப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தீர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இன்னும் பெரிய பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், நல்ல பச்சை, பெரிய காயாக நானே பார்த்துப் பொறுக்கியது. குமுளிக்கு மறக்காமல் எடுத்துப் போங்கள். இன்னொன்று. விசேஷத்துக்கு உங்கள் தம்பியே வந்து உங்களை அழைத்து வருவார். போடியில் ஏலம் விடுவதற்கு ஏலக்காய் லோடு கொண்டுவருகிற நாளில் மூட்டைகளை இறக்கிவிட்டு, அந்தச் சாக்குகளை மெத்தை மாதிரி மடித்துப்போட்டு, தன் ஜீப்பில் மணக்க மணக்கக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

சூர்யகலா


போடி,
23-12-2024

சூர்யகலா தாயிக்கு,

குமுளிக்கு ரெண்டு தடவை போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு சோலியும் இல்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

முதல் தடவை உன் சொல்படி பொட்டலத்தோடு போனேன். கம்பம் வரைக்கும் ராணி மாதிரி முன்சீட்டில் இருந்தேன். திராட்சைத் தோட்டம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. லோயர் கேம்ப் வந்ததும், இனி வளைவு என்று ரெண்டு காயை வாயில் போட்டேன். அவ்வளவுதான். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். உங்கள் அண்ணன் சட்டை தப்பியது, பஸ்சின் படிக்கட்டு தப்பவில்லை. கண்டக்டர் நல்ல மனுஷன், ஒரு வாளி தண்ணீர் வாங்கி ஊற்றியதோடு விட்டுவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தேன். தேவாரத்துக்கு நன்றாகத்தானே போனேன்? அதே முன்சீட்டு, அதே இட்லி. அங்கே இல்லாதது இங்கே என்ன இருந்தது? யோசிக்க யோசிக்க எனக்கே நம்பிக்கை வரவில்லை. மறு வாரம் வெறும் வாயோடு குமுளிக்குப் போனேன். ஒரு வளைவுகூட என்னை ஒன்றும் செய்யவில்லை. கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். திரும்பும்போது சோதிக்கலாம் என்று கையில் ஒரு காயை வைத்து முகர்ந்தேன், அடுத்த வளைவிலேயே வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. காயை ஜன்னல் வழியாக எறிந்தேன், சரியாகிவிட்டது.

ஏலக்காய்தான், தாயி! இந்த ஊரில் பிறந்து, குமட்டலுக்கு ஏலக்காய், வாந்திக்கு ஏலக்காய் என்று வாயில் திணித்துத் திணித்து வளர்த்தார்களே, அதேதான் என்னைப் புரட்டியிருக்கிறது. போடியில் யார் அதைச் சந்தேகப்படுவார்கள்? மண்டியில் காலையிலிருந்து சாயந்திரம் வரை காய்க்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் செய்வதில்லை. அங்கே தரை ஓடுவதில்லை. தரை ஓடினால் எனக்கு அந்த வாசம் ஆகவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு வந்த ஜீப்பும் விடியற்காலையில் காய் மூட்டை இறக்கிய ஜீப்புதான். சாக்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன், வாயிலும் காய்.

அதனால் தம்பி ஜீப்பு வேண்டாம், சாக்கு மெத்தை வேண்டவே வேண்டாம். நான் மூணாறு பஸ்சில் உங்கள் ஊருக்குக் கிட்டே பூப்பாறை வந்து இறங்கிக்கொள்கிறேன். உன் பொட்டலம் ரெண்டையும் சின்ராசுவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நல்ல விலைக்குப் போகிற காய், என் வீட்டில் கிடந்து வீணாக வேண்டாம்.

சிவரஞ்சனி


சாந்தன்பாறை,
28-12-2024

மதினிக்கு,

பொட்டலங்கள் வந்து சேர்ந்தன.

கல்யாணத்துக்கு வராததற்கு வயிறு காரணம். இப்போது வயிற்றுக்கு எங்கள் காய் காரணம். நாளைக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்பீர்கள். போடியில் ஊர்ப்பட்ட ஏலக்காய்க்கு நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு, நான் அனுப்பிய காய் மட்டும் குமட்டுகிறது.

அது நாங்கள் சொந்தமாக வைத்த செடியின் முதல் காய் மதினி. சாமிக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதியை உங்களுக்குத்தான் அனுப்பினேன். என் அம்மாவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. விலைக்குப் போகும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். விற்க வேண்டும் என்று நினைத்திருந்தால் எனக்கு விற்கத் தெரியாதா?

சொந்தக்காரர்கள் பேசுவதை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் என் பெரியம்மா சொன்னது இது: "கீழ உள்ளவுக நெலபுலம் வச்சிருக்கவுக. தோட்டக் கூலி வீட்டுல கை நனைக்க அவுகளுக்கு மனசு வருமா? வாந்தி கீந்தியெல்லாம் சும்மா." நான் ஆறு வருடமாக இல்லை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

பால் காய்ச்ச என் அம்மாவைச் சொல்லிக்கொள்கிறேன்.

சூர்யகலா


போடி,
30-12-2024

சூர்யகலாவுக்கு,

படித்ததும் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், நாளைக்கு ஆறப்போட்டு எழுதினால் பூசி மெழுகிவிடுவேன்.

பொட்டலத்தைத் திருப்பி அனுப்பியது ஏன் என்று கேட்டிருக்கலாம். மண்டியில் வேலை முடிந்து வெளியே வரும்போது நாங்கள் எல்லோரும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வருவோம். ஒரு காய் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. யாரும் எங்களைச் சந்தேகப்பட்டுச் சொன்னதில்லை, நாங்களாகவே அப்படிப் பழகிவிட்டோம். அதனால் மண்டிப் பெண்கள் யார் வீட்டிலும் நல்ல காய் வைத்திருக்க மாட்டோம். பாயசத்துக்குக்கூடப் பொடிக் காய்தான் கடையில் வாங்குவோம். நீ அனுப்பியதோ முதல் தரமான பச்சைக் காய். யாராவது வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால், "சிவரஞ்சனி வீட்டுல பெரிய காய் எப்படி வந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடும். அந்தப் பழக்கத்தில் கை தானாகக் கட்டிக் கொடுத்துவிட்டது. அது முதல் காய் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். சாமிக்கு எடுத்ததுபோக மீதி என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

உன் பெரியம்மாவுக்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால், உன்னைப் போடிக்குக் கூட்டிவந்து பெண் காட்டிய அன்றைக்கே சொல்லியிருப்பேன். என் வாய் உனக்குத் தெரியாதா? வாந்தியை ஒரு சாக்காக வைத்துக்கொள்கிற ஆளா நான்? நிலபுலம் இருக்கிறவள்தான் தினமும் முறத்தைத் தூக்கிக்கொண்டு மண்டிக்குப் போகிறேனாக்கும்!

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. சொல்லவும் ஆள் இல்லை, அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஜீப்பை நிறுத்தி நிறுத்தி எடுத்ததில் நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வண்டி எப்போதோ முன்னால் போய்விட்டது. "முகூர்த்தம் தப்பிறக் கூடாது, நீங்க போங்க, நான் கீழ போற வண்டியில போயிக்கிறேன்" என்று சொல்லி நான்தான் எல்லோரையும் அனுப்பினேன். உங்கள் அண்ணனையும் அனுப்பினேன், தாய்தகப்பன் இல்லாத பிள்ளைக்கு எங்கள் பக்கம் பெரியவர் என்று ஒருவராவது நிற்க வேண்டுமே என்று. ஜீப்பு மறைந்ததும், நடந்தாவது வந்துவிடலாம் என்று பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே நடந்தேன். ரெண்டு வளைவு. அதற்கு மேல் கால் வரவில்லை. ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, இந்நேரம் தாலி ஏறியிருக்கும், இந்நேரம் ஏறியிருக்கும் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இறங்கி வந்த ஒரு லாரிக்காரர் கூட்டிக்கொண்டு வந்து மலையடிவாரத்து முந்தல் ஊரில் இறக்கிவிட்டார்.

உன் அம்மா பால் காய்ச்சட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் எனக்கு உன் வீட்டில் கை நனைக்க மனசு வராது என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

சிவரஞ்சனி


போடி,
20-1-2025

சூர்யகலாவுக்கு,

பொங்கலும் போய்விட்டது. சின்ராசு தினமும் மண்டி வாசலில் ஜீப்பை மெதுவாக ஓட்டி, ரெண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான். ஒன்றும் இல்லையாம். இப்போதெல்லாம் முத்துப்பேச்சியே என்னைவிட முன்னால் எட்டிப் பார்க்கிறாள்.

நீ எழுதாவிட்டாலும் நான் பழகுவதை விடவில்லை. பொங்கல் முடிந்து ராமேஸ்வரம் போனோம். ரயிலில் இல்லை, பஸ்சில். தேனி தாண்டிக் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள், மதுரையில் மாறி மானாமதுரை, பரமக்குடி என்று முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு ஊர் விடாமல் பெயர்ப்பலகை படித்துக்கொண்டே போனேன். பாம்பன் பாலத்தில் ரெண்டு பக்கமும் கடல். பஸ்சில் இருந்து ஒரு பெண் கடலைப் பார்த்துக் கைதட்டினாள் என்றால் அது உன் நாத்தனார்தான். உங்கள் அண்ணன் தூங்கிவிட்டார். எழுப்பி எழுப்பிக் காட்டினேன். "இவளுக்கு வாந்தியே பரவாயில்ல போல" என்றார். இறங்கச் சொன்னபோது எனக்கு இறங்க மனசே இல்லை. இப்படி ஒரு ஆசை எனக்குள் இருந்தது என்று தெரியாமலே இத்தனை வருடம் ஓடிவிட்டது.

ஆனால் நான் ராமேஸ்வரம் போகவா பழகினேன்?

நான் பால் காய்ச்ச வரவில்லை. உன் வீட்டைப் பார்க்க வருகிறேன். நாள் குறித்தது எனக்குத் தெரியும், தம்பி சொல்லிவிட்டான். உள்ளே கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்சில் திரும்புவேன். இனிமேல் பஸ்சுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான்.

சிவரஞ்சனி


சாந்தன்பாறை,
27-1-2025

அன்புள்ள மதினிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நான் மட்டும் காரணமில்லை. கல்யாண நாளைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா அதைப் பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டச் சொன்னார். பெரியம்மா, ரெண்டு வளைவு நடந்தீர்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து, "பால் காச்ச அந்தப் புள்ளதான் வரணும். நான் சொன்னேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நானும் சொல்ல வேண்டும். உங்கள் தம்பி ஜீப்பில் நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணிப்பை நிறைய ஏலக்காய் எப்போதும் தொங்கும். அதை அவிழ்த்துவிட்டோம். ஜீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது, ஒரு சாக்குகூட இல்லை. சேச்சியை உட்காரவைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். டீசல் மட்டும்தான் அடிக்கிறது என்றார். பூப்பாறையில் உங்கள் தம்பி காத்திருப்பார். முன்சீட்டு உங்களுக்குத்தான், கலையரசி அழுதாலும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பிய காயை நான் விற்கவில்லை. டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். பாலில் அதைத்தான் தட்டிப் போட நினைத்திருந்தேன். உங்களுக்கு ஆகாது என்றால் போட மாட்டேன், வெறும் சர்க்கரைப் பால் போதும்.

இன்னொரு விஷயம். விசேஷத்தன்று காலையில் தாலிக்கயிறு மாற்றப்போகிறேன். போடியில் நல்ல மஞ்சள் கயிறு கிடைக்குமே, ஒன்று வாங்கி வாருங்கள். உங்கள் தம்பி ரெண்டு முடிச்சுதான் போடுவாராம். மூன்றாவது அவருடையது இல்லையாம். கல்யாணத்தன்று அதைப் போடுவதற்கு முன்னால் அவர் கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார் மதினி. இதை உங்களிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள்
சூர்யகலா


போடிமெட்டு, டீக்கடை பெஞ்சு,
8-2-2025

என் தாயி சூர்யகலாவுக்கு,

பஸ்சை டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள். சின்ராசுவின் ஜீப்பும் இங்கேதான் நிற்கிறது. அவன் எங்களுக்கு முன்னால் போய்விடுவான், அதனால் அவசரமாக இதை எழுதுகிறேன். உங்கள் அண்ணன், "நேர்ல போயிப் பேசப் போற, எதுக்கு லெட்டரு?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வரவில்லை என்கிற செய்திதான் எனக்கு முன்னால் உன்னிடம் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை, வருகிறேன் என்கிற செய்தி முன்னால் வரட்டும்.

அத்தனை வளைவையும் ஏறிவிட்டேன். அந்தக் கட்டைச் சுவரைத் தாண்டும்போது டிரைவரிடம், "கொஞ்சம் மெதுவா போங்கண்ணே" என்றேன். அவர் எனக்கு வாந்தி வருகிறதோ என்று பயந்து பாலித்தீன் பையை நீட்டினார். இல்லை, பார்க்கத்தான் என்றேன். அந்த இடத்திலிருந்து கீழே போடி எவ்வளவு அழகாகத் தெரிகிறது! அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை. விசேஷம் முடிந்து நீயும் குழந்தையும் எங்களோடு இறங்கி வாருங்கள், காட்டுகிறேன். அதற்கப்புறம் கொச்சிக்குப் போக வேண்டும் என்று இருக்கிறேன். எல்லோரும் போவோம். ஜீப்பில் முன்சீட்டு எனக்கு, அதை இப்போதே சொல்லிவிட்டேன்.

பாலில் காயைப் போடு, தாயி. டப்பாவில் இருக்கிற அந்தக் காயையே தட்டிப் போடு, தாராளமாகப் போடு. உன் வீட்டுத் தரை எங்கேயும் ஓடப்போவதில்லை.

ஹார்ன் அடித்துவிட்டார்கள். கயிறு என் இடுப்பில் சுருக்குப்பையில் இருக்கிறது. நேற்றிலிருந்து ஒரு நூலை வைத்து முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், இறுக்கமாகத்தான் விழும். நீ தலையைக் குனிந்து கொடுத்தால் போதும்.

உன் நாத்தனார்,
சிவரஞ்சனி